பேஸ் கிட்டாரில் ப்ளூஸ் வாசிக்கக் கற்றல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதுவரை எந்த இசைக்கருவியையும் வாசித்ததில்லை. நேரடியாக பேஸ் கிட்டாரிலேயே தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். ஆறு தந்திக் கிட்டாரைக் கற்ற பிறகுதான் பேஸுக்கு வர வேண்டும் என்று பலர் சொல்வதுண்டு. அதற்கு அடிப்படை எதுவும் இல்லை. பேஸ் வாசிப்பவர் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் ஒலிக்கச் செய்கிறார். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு பிடிப்பதற்காக எல்லா விரல்களையும் ஒரே நொடியில் வெவ்வேறு தந்திகளில் பதிக்க வேண்டிய சிரமம் இதில் இல்லை. ஆனால் அந்த ஒரு சுரம் சரியான நொடியில் தொடங்க வேண்டும், சரியான நொடியில் நிற்கவும் வேண்டும். தொடக்கத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள். முடிவை மிகச் சிலரே கவனிக்கிறார்கள். ப்ளூஸ் பேஸில் பாதி வித்தை அந்த முடிவில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கீழே உள்ள விடைகளில் அந்தச் செய்தி திரும்பத் திரும்ப வரும்.

ப்ளூஸின் வரலாற்றையும் படிக்க வேண்டுமா? விரல் பயிற்சி மட்டும் போதாதா?

விரல் பயிற்சி மட்டும் இருந்தால் வரிசைகள் வரும், ப்ளூஸ் வராது. இந்த இசை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களிடையே உருவானது. 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகும், குத்தகை விவசாயத்திலும் இனப்பாகுபாட்டுச் சட்டங்களிலும் சிக்கியிருந்த மக்களின் இசை அது. மிசிசிப்பி டெல்டா, டெக்சாஸ் முதலிய பகுதிகளில் ஒருவர் தனியாகக் கிட்டாரை வைத்துக்கொண்டு பாடியபோது, பேஸின் வேலையை அவருடைய கட்டைவிரலே செய்தது. ராபர்ட் ஜான்சன் 1936, 1937 ஆண்டுகளில் டெக்சாஸில் பதிவு செய்த பாடல்களைக் கேட்டால், கீழ்த் தந்திகளில் கட்டைவிரல் இடைவிடாமல் நடப்பதும், மற்ற விரல்கள் அதற்கு மேலே பாட்டுக்கு விடை சொல்வதும் தெளிவாகக் காதில் விழும்.

1916 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களில் பலர் சிகாகோவில் குடியேற, ப்ளூஸும் அங்கே போய்ச் சேர்ந்தது. இரைச்சல் மிகுந்த நகர மதுக்கூடங்களில் மின்கிட்டாரும் ட்ரம்ஸும் நுழைந்தன; கட்டைவிரல் செய்த வேலைக்குத் தனியாக ஓர் ஆள் தேவைப்பட்டார். சிகாகோவின் செஸ் நிறுவனப் பதிவுகளில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர் வில்லி டிக்சன். 1915-இல் மிசிசிப்பியின் விக்ஸ்பர்க் நகரில் பிறந்த அவர், நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய மரப் பேஸை வாசித்தார். அத்தோடு, மடி வாட்டர்ஸும் ஹவுலின் வுல்ஃபும் பாடிய புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றை எழுதியவரும் அவரே. இசையைக் கீழிருந்து தாங்கிய மனிதரே அதன் பாடல்களையும் எழுதினார் என்பதை பேஸ் கற்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

லியோ ஃபெண்டரின் பிரெசிஷன் பேஸ் 1951-இல் விற்பனைக்கு வந்தது. சிகாகோவில் அத்தகைய மின்பேஸை முதலில் ஏற்றுக்கொண்டவர்களில் டேவ் மையர்ஸ் ஒருவர். அவர் அதுவரை சாதாரணக் கிட்டாரின் கீழ்த் தந்திகளில் பேஸ் வரிகளை வாசித்து வந்தவர். இந்த வரலாற்றால் வாசிப்பிற்கு நேரடிப் பயன் ஒன்று உண்டு. மரப் பேஸில் ஒலி விரைவில் தணிந்துவிடும். மின்பேஸில் அது நெடுநேரம் நீளும். பழைய பதிவுகளின் தன்மை உங்கள் வாசிப்பில் வர வேண்டுமானால், அந்த நீளத்தை உங்கள் கைதான் கட்டுப்படுத்த வேண்டும்.

எந்த வகைக் கருவி வாங்குவது?

நான்கு தந்திக் கருவியே போதும். அதன் வழக்கமான சுருதியமைப்பு, தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி (இவை மேற்கத்திய சுரப் பெயர்கள்). தந்தியின் அதிரும் நீளம் பெரும்பாலான கருவிகளில் 34 அங்குலமாக இருக்கும். சிறிய கை உள்ளவர்களுக்கும் சிறுவர்களுக்கும் 30 அங்குலக் கருவிகள் வசதியானவை; அவற்றை வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. பிரெசிஷன் வகையின் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பகுதி) கனமான, நடுத்தர ஒலி தரும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு பிக்கப்புகள் இருப்பதால் ஒலியைக் கூடுதலாக மாற்றிக்கொள்ளலாம். ப்ளூஸுக்கு இரண்டுமே பொருந்தும்.

வாங்கும்போது பெயரைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. கழுத்து முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருக்கிறதா, தந்திகள் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளிலிருந்து மிக உயரத்தில் இல்லாமல் இருக்கின்றனவா, எந்த ஃப்ரெட்டிலாவது தந்தி உரசி இரைகிறதா என்று ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்க்க வேண்டும். அதன்பின் 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி எழும் சுரம் திறந்த (எங்கும் அழுத்தாத) தந்தியின் சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே இருக்கிறதா என்று டியூனரில் பார்க்க வேண்டும். சரியில்லாவிட்டால் தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜைத் திருத்தித் தரும்படி கடைக்காரரிடம் கேளுங்கள்.

தட்டைத் தந்தி வேண்டுமா, வழக்கமான உருண்டைச் சுற்றுத் தந்தி போதுமா?

கருவியோடு வரும் தந்திகள் பெரும்பாலும் உருண்டைக் கம்பி சுற்றியவை. அவற்றின் ஒலி கூர்மையானது, விரல் நகரும் கீறல் ஓசையும் கேட்கும். தட்டையான பட்டைக் கம்பி சுற்றிய தந்திகளில் ஒலி மந்தமாகவும் உருண்டு திரண்டும் இருக்கும், விரைவில் தணியும். மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனப் பதிவுகளில் வாசித்த டொனால்ட் டக் டன் போன்றவர்களின் ஒலிக்கு இவ்வகைத் தந்தியும் ஒரு காரணம். எனினும் முதல் ஆண்டில் இதற்காகச் செலவு செய்ய வேண்டாம். பிரிட்ஜுக்கு அருகே தந்திகளின் அடியில் ஒரு சிறு துண்டு ஸ்பாஞ்சைச் செருகினாலே ஒலி குறுகி, மரப் பேஸின் சாயல் கிடைக்கும். பழைய ஃபெண்டர் பேஸ்களில் பிரிட்ஜ் மூடியின் உள்ளே இத்தகைய அடக்கி பொருத்தியே விற்கப்பட்டது.

ஒலியைப் பெருக்கும் ஆம்ப் கட்டாயமா?

வீட்டில் தனியாகப் பயிற்சி செய்ய ஒரு சிறிய ஆம்ப் அல்லது ஹெட்ஃபோன் போதும். ட்ரம்ஸோடு சேர்ந்து வாசிக்கும்போது 100 வாட்டுக்குக் குறையாத பேஸ் ஆம்ப் தேவைப்படும். சாதாரணக் கிட்டார் ஆம்பில் பேஸை இணைத்து ஒலியைக் கூட்டினால் அதன் ஸ்பீக்கர் கெட்டுவிடக்கூடும். இன்னொன்று: அடி ஈ தந்தியின் அதிர்வு நொடிக்குச் சுமார் 41, கைபேசியின் சிறு ஸ்பீக்கரால் அந்த ஆழத்தை வெளியிட முடியாது. எனவே பாடல்களைக் கேட்டுக் கற்கும்போது நல்ல ஹெட்ஃபோன் இல்லாவிட்டால் பேஸ் வரியைத் தவறாகவே கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

12 பார் ப்ளூஸ் என்றால் என்ன?

ஒரு பாருக்கு நான்கு பீட் (தாளத் தட்டு) வீதம் 12 பார்கள் கொண்ட ஒரு சுற்று. பாடல் முழுவதும் இந்தச் சுற்றே திரும்பத் திரும்ப வரும். இதில் மூன்று கார்டுகள் உண்டு. அவற்றை ஸ்கேலில் அவை நிற்கும் இடத்தை வைத்து ஒன்று, நான்கு, ஐந்து என்று அழைப்பார்கள். முதல் நான்கு பார்கள் ஒன்றாம் கார்டு. அடுத்த இரண்டு நான்காம் கார்டு. மீண்டும் இரண்டு பார் ஒன்று. ஒன்பதாம் பாரில் ஐந்து, பத்தாம் பாரில் நான்கு, பதினொன்றில் ஒன்று, பன்னிரண்டில் அடுத்த சுற்றுக்கு அழைத்துச் செல்லும் ஐந்து. இரண்டாம் பாரிலேயே நான்காம் கார்டைத் தொட்டுவிட்டு மூன்றாம் பாரில் திரும்புவதும் மிகப் பரவலான வழக்கம். எந்த வகை என்பதைப் பாடல் தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இதை எண்களாக மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். பாட்டின் வரிகள் இந்த வடிவத்தைத் தாமே சொல்லும். முதல் வரி நான்கு பார்களுக்கு; அதே வரி சற்றே மாறியோ மாறாமலோ அடுத்த நான்கு பார்களுக்கு; அதற்கு விடையாக வேறொரு வரி கடைசி நான்கு பார்களுக்கு. ஒவ்வொரு நான்கு பாரிலும் குரல் ஏறத்தாழ முதல் இரண்டில் ஒலிக்கும். மீதி இரண்டில் கிட்டாரோ ஹார்மோனிகாவோ பதில் சொல்லும். இதைக் காதால் தொடரப் பழகிவிட்டால், எத்தனையாவது பார் என்று எண்ண வேண்டிய தேவையே இருக்காது.

மூன்று கார்டுகளும் பெரும்பாலும் ஏழாம் சுரம் சேர்ந்தவையாக, ஏ கீயில் (ஏ சுரத்தை வீடாகக் கொண்ட பாடலில்) ஏ7, டி7, ஈ7 என்று வருவதையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பியச் செவ்வியல் இசையில் அத்தகைய கார்டு வேறொன்றை நோக்கிப் போகத் துடிக்கும். ப்ளூஸில் அதுவே இருப்பிடம்.

விரல் பலகையில் இதை எங்கே வாசிப்பது?

ஏ கீயை எடுத்துக்கொள்வோம். ஈ தந்தியின் 5-ஆம் ஃப்ரெட்டில் நடுவிரலை வையுங்கள்; அதுதான் ஏ, ஒன்றாம் கார்டின் ரூட், அதாவது அடிப்படைச் சுரம். அதே ஃப்ரெட்டில் அடுத்த தந்திக்குப் போனால் டி, நான்காம் கார்டின் ரூட். அங்கிருந்து இரண்டு ஃப்ரெட் மேலே, 7-ஆம் ஃப்ரெட்டில் ஈ, ஐந்தாம் கார்டின் ரூட். இந்த மூன்று இடங்களின் உறவு எந்தக் கீயிலும் மாறாது. கையை மொத்தமாக நகர்த்தி 3-ஆம் ஃப்ரெட்டில் தொடங்கினால் ஜி கீ. 8-ஆம் ஃப்ரெட்டில் தொடங்கினால் சி கீ.

முதல் சில வாரங்களில் திறந்த தந்திகளைத் தவிர்க்கும்படி வற்புறுத்துவேன். ஏ தந்தியைத் திறந்தபடியே மீட்டினாலும் அதே ஏ சுரம் கிடைக்கும்தான். ஆனால் அதை நிறுத்துவது தொடக்கநிலையில் கடினம். அழுத்திய சுரத்தை நிறுத்த இடக்கை விரலைச் சற்றே தளர்த்தினால் போதும்.

இனி அதே இடத்தில், கையை நகர்த்தாமல், ஒன்றாம் கார்டுக்கு உரிய சுரங்களைப் பார்ப்போம். நடுவிரலில் ரூட் ஏ. ஏ தந்தியின் 4-ஆம் ஃப்ரெட்டில் சுட்டுவிரலால் சி ஷார்ப் (சி-க்கு அரைச் சுரம், அதாவது ஒரு ஃப்ரெட், மேலே). அதே தந்தியின் 7-ஆம் ஃப்ரெட்டில் சுண்டுவிரலால் ஈ. டி தந்தியின் 4-ஆம் ஃப்ரெட்டில் சுட்டுவிரலால் எஃப் ஷார்ப். 5-ஆம் ஃப்ரெட்டில் நடுவிரலால் ஜி. 7-ஆம் ஃப்ரெட்டில் சுண்டுவிரலால் மேல் ஏ. ஒரு பாரில் ஏ, சி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப் என்று ஏறி, அடுத்த பாரில் ஜி, எஃப் ஷார்ப், ஈ, சி ஷார்ப் என்று இறங்கினால், ஆயிரக்கணக்கான பாடல்களைத் தாங்கிய வரி உங்கள் கையில் இருக்கிறது. நான்காம் கார்டுக்கு இதே வடிவத்தை ஒரு தந்தி மேலே ஏற்றி வாசிக்கலாம்.

ஷஃபிள் என்பதை எவ்வளவு படித்தாலும் புரியவில்லை. எப்படி உணர்வது?

திஸ்ர நடை தெரிந்தவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. காலால் சீராகத் தட்டிக்கொண்டு ஒவ்வொரு தட்டுக்கும் ஒருமுறை "தகிட" என்று சொல்லுங்கள். சிறிது நேரம் கழித்து "கி"யை வாய்க்குள் விழுங்கிவிட்டு "த", "ட" இரண்டையும் மட்டும் சொல்லுங்கள். ஆனால் "கி"க்கு உரிய இடம் காலியாகவே இருக்க வேண்டும். நீளம், குறில், நீளம், குறில் என்று ஓடும் அந்த நடைதான் ஷஃபிள். ட்ரம்ஸ் வாசிப்பவரின் சிம்பல் பெரும்பாலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆனால் 2:1 என்ற இந்த விகிதம் ஒரு தொடக்கப் புள்ளிதான். வேகம் கூடும்போது இரண்டு சுரங்களும் சமநீளத்தை நோக்கி நெருங்கும். சில குழுக்கள் குறிலை இன்னும் குறுக்கித் துள்ளலாக வாசிக்கும். எந்தப் பாடலுக்கு எந்த அளவு என்பதைக் கணக்கால் முடிவு செய்ய இயலாது. பதிவைக் கேட்டு, வாயால் சொல்லி, பிறகு கையால் செய்ய வேண்டும்.

பேஸ் வாசிப்பவருக்கு இதில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஷஃபிளை ட்ரம்ஸிடம் விட்டுவிட்டு, பாருக்கு நான்கு சுரங்களை மட்டும் நிதானமாக வைப்பது. இரண்டாவது, ஒவ்வொரு பீட்டிலும் நீளமும் குறிலுமாக இரண்டு சுரங்கள் வாசிப்பது. முதல் வழியை நன்றாக வாசிக்கத் தெரிந்தவரின் இரண்டாம் வழியே கேட்க இனிமையாக இருக்கும். எனவே தொடக்கத்தில் நான்கு சுரங்களோடு நில்லுங்கள். அந்த நான்கும் உள்ளே தகிடவை உணர்ந்தபடி விழுகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

சுரத்தின் நீளம் முக்கியம் என்கிறீர்கள். அதை எப்படிப் பழகுவது?

ஈ தந்தியின் 5-ஆம் ஃப்ரெட்டில் ஏ சுரம் ஒன்று மட்டும் போதும். தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வைத்து, அதன் ஒவ்வொரு ஒலியையும் இரண்டாம், நான்காம் பீட்டாக எண்ணிக்கொள்ளுங்கள். பாடலின் வேகம் 120 ஆகிவிடும். ட்ரம்ஸில் கூர்மையாக ஒலிக்கும் ஸ்னேர் டிரம் விழும் இடங்களும் இவைதாம். முதலில் இது தலைகீழாகத் தோன்றும். "ஒன்று" என்று நீங்களே மனத்துக்குள் சொல்லி, அடுத்து வரும் ஒலியை "இரண்டு" என்று பிடித்துக்கொண்டால் ஓரிரு நாட்களில் வசப்படும்.

இந்த வேகத்தில் 12 பார்கள் 24 விநாடிகளில் முடியும். முதல் சுற்றில் நான்கு சுரங்களும் ஒன்றோடொன்று உரசும்படி முழு நீளத்துக்கு ஒலிக்கட்டும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு சுரத்தையும் பாதியில் நிறுத்துங்கள். மூன்றாம் சுற்றில் ஒன்றும் மூன்றும் நீளமாக, இரண்டும் நான்கும் குறுகலாக. நான்காம் சுற்றில் இதை மாற்றிப் போடுங்கள். சுரம் ஒன்றே, வேகம் ஒன்றே. ஆனால் நான்கு சுற்றுகளும் நான்கு வெவ்வேறு பாடல்களைப் போல ஒலிப்பதைக் கேட்பீர்கள். முழு நீள வாசிப்பு கனமாக உருளும். குறுகிய வாசிப்பு துள்ளும். ஸ்னேர் விழும் நொடியில் பேஸ் அடங்கினால் அந்த ஸ்னேர் இரு மடங்கு தெளிவாகக் கேட்கும்.

நிறுத்தும்போது இடக்கை விரலைத் தந்தியை விட்டு முழுவதும் எடுக்கக் கூடாது. எடுத்தால் திறந்த தந்தி இரையும். அழுத்தத்தை மட்டும் விட்டுவிட்டு, விரல் தந்தியைத் தொட்டபடியே இருக்க வேண்டும். வாசிக்காத தந்திகளை வலக்கைக் கட்டைவிரலும் இடக்கையின் ஓய்வாக இருக்கும் விரல்களும் தொட்டு அடக்கிவைக்க வேண்டும். கைபேசியில் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேட்டு, ஒவ்வொரு சுரமும் எங்கே முடிகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். வாசிக்கும்போது காது தொடக்கத்தையே கேட்கிறது. பதிவில்தான் முடிவு தெரியும்.

எப்போதும் ரூட்டை மட்டும் வாசிப்பது சலிப்பூட்டாதா?

வாசிக்கும் உங்களுக்குச் சில நேரம் சலிக்கலாம். பாடுபவருக்கு ஒருபோதும் சலிக்காது. நான்காம் கார்டு வரும் நொடியில் பேஸ் தயக்கமின்றி அந்த ரூட்டில் இறங்கும்போதுதான் பாடல் முழுவதும் திரும்புகிறது. அந்தப் பொறுப்பை உணர்ந்தவருக்கு ரூட் சிறிய வேலையாகத் தெரியாது.

அதற்கு மேலே சேர்க்க நினைப்பவர்கள், முதலில் ரூட்டோடு ஐந்தாம் சுரத்தையும் மேல் ஸ்தாயியையும் சேர்க்கட்டும். மூன்றாம் சுரத்தில் மட்டும் கவனம் தேவை. ஏ கீயில் பாடகரும் கிட்டார் வாசிப்பவரும் சி-க்கும் சி ஷார்ப்புக்கும் இடையே, இரண்டுமல்லாத ஓரிடத்தில் சுரத்தை வளைத்துக்கொண்டிருப்பார்கள். ப்ளூஸின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அந்த நேரத்தில் பேஸ் சி ஷார்ப்பை அழுத்தமாக நீட்டிக்கொண்டு நின்றால் அவர்களுடைய வளைவு இடிபடும். கடந்து செல்லும் சுரமாக அதைத் தொட்டுப் போனால் இடையூறு இல்லை.

பீட்டுக்கு ஒரு சுரமாக நடக்கும் வாக்கிங் பேஸ் எப்படி அமைப்பது?

ஒவ்வொரு பாரின் முதல் பீட்டில் அந்தக் கார்டின் ரூட். நான்காம் பீட்டில் அடுத்து வரும் ரூட்டுக்கு அரைச் சுரம் கீழேயோ மேலேயோ ஒரு சுரம். நடுவில் கார்டின் சுரங்களோ கடந்து செல்லும் சுரங்களோ. இந்த விதி ஒன்றே நெடுந்தூரம் அழைத்துச் செல்லும். நான்காம் பாரிலிருந்து டி-க்குப் போக, ஏ, பி, சி, சி ஷார்ப் என்று ஏறி டி-யில் இறங்கலாம். அல்லது ஏ, சி ஷார்ப், ஈ, ஈ ஃப்ளாட் (ஈ-க்கு அரைச் சுரம் கீழே) என்று போய் மேலிருந்து டி-யில் இறங்கலாம். பதினொன்றாம் பாரில் ஏ, சி ஷார்ப், டி, டி ஷார்ப் என்று ஏறி, பன்னிரண்டாம் பாரின் முதல் பீட்டில் ஈ-யில் நிற்பது மிகப் பழைய, இன்றும் அலுக்காத திருப்பம்.

ட்ரம்ஸ் வாசிப்பவரோடு எப்படி இணைவது?

அவரைப் பார்க்கும்படி நில்லுங்கள். அவர் காலால் அடிக்கும் டிரம்மும் உங்கள் சுரமும் ஒரே நொடியில் விழுகின்றனவா என்பதை முதலில் கேளுங்கள். பிறகு அவர் ஸ்னேரைச் சற்றே பின்தள்ளி அடிக்கிறாரா, நேராக அடிக்கிறாரா என்று கேளுங்கள். இருவரும் ஒரே அளவில் பின்தங்கினால் அது சுகம். ஒருவர் மட்டும் பின்தங்கினால் அது இழுபறி. பயிற்சிக்கு முன், சுரத்தை நீளமாக வைக்கலாமா குறுக்கலாமா என்று அவரிடமே கேட்பது நல்ல பழக்கம். பெரும்பாலானோர் இந்தக் கேள்விக்கு ஆவலோடு விடை சொல்வார்கள்.

மெதுவான ப்ளூஸ் எளிதுதானே?

இல்லை, அதுவே கடினம். ஒவ்வொரு பீட்டையும் மூன்றாகப் பிரித்து, பாருக்கு 12 சிறு துடிப்புகளாக எண்ணுவார்கள். வேகம் 60 என்றால் ஒரு சுற்று 48 விநாடி நீளும்; இரண்டு சுரங்களுக்கு இடையே ஒரு முழு விநாடி இருக்கும். அந்த வெளியில் பதற்றம் உள்ளவர்கள் முன்னே ஓடிவிடுவார்கள். மூன்று துடிப்புகளையும் மனத்துக்குள் விடாமல் ஓடவிடுவதுதான் ஒரே மருந்து.

மைனர் ப்ளூஸில் என்ன வேறுபாடு?

ஒன்றாம், நான்காம் கார்டுகள் மைனராகும். ஆகவே பேஸ் வரியில் மூன்றாம் சுரத்தை அரைச் சுரம் இறக்க வேண்டும், மேஜரில் இனித்த ஆறாம் சுரத்தைத் தவிர்க்க வேண்டும். இதற்குச் சிறந்த பாடம் பி.பி. கிங் 1969-இல் பதிவு செய்த "தி த்ரில் இஸ் கான்". அதில் பேஸ் வாசித்தவர் ஜெரி ஜெமட். கீ பி மைனர். ஒன்பதாம் பாரில் ஐந்தாம் கார்டு வராமல் ஜி கார்டு வரும். அடுத்த பாரில் எஃப் ஷார்ப். பிறகு வீடு திரும்பும். ஷஃபிள் இல்லாத நேர்நடை அது. தந்தி வாத்தியக் குழுவும் சேர்ந்து ஒலிக்கும் அந்தப் பதிவில் பேஸை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அவர் எதைச் சேர்க்கிறார், எதை விடுகிறார் என்பதைப் படிக்க ஒரு மாதம் செலவழித்தாலும் தகும்.

எல்லா ப்ளூஸ் பாடல்களுக்கும் 12 பார்தானா?

அல்ல. எட்டு பார் பாடல்கள் நிறைய உண்டு. மடி வாட்டர்ஸ் 1954-இல் பாடிய, வில்லி டிக்சன் எழுதி பேஸும் வாசித்த "ஹூச்சி கூச்சி மேன்" 16 பார் கொண்டது. அதன் முதல் எட்டு பார்களில் குழு முழுவதும் ஒரு சிறு ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கை) வாசித்துவிட்டு நின்றுவிட, குரல் மட்டும் தனியே கேட்கும். அந்த நிறுத்தத்தில் பேஸ் ஒரு நொடி கூடுதலாக ஒலித்தாலும் முழுப் பாட்டும் பாழாகும். ஹவுலின் வுல்ஃபின் 1956-ஆம் ஆண்டு "ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்" ஒரே கார்டில் நின்று சுழல்வது. ஜான் லீ ஹூக்கரோ பல பாடல்களில் பார்களை எண்ணுவதே இல்லை. சொல் முடிந்ததும் கார்டை மாற்றுவார். அவருக்குப் பின்னால் வாசித்தவர்கள் அவருடைய மூச்சையே கவனித்திருக்க வேண்டும்.

நடுவில் எந்தப் பாரில் இருக்கிறோம் என்று தெரியாமல் போனால்?

வாசிப்பை நிறுத்த வேண்டாம். ஒன்றாம் கார்டின் ரூட்டை மெல்லிய ஒலியில் தொடருங்கள். ஐந்தாம் பாரில் நான்காம் கார்டுக்கு மாறும் இடமும், ஒன்பதாம் பாரில் ஐந்தாம் கார்டு வரும் இடமும் காதுக்குத் தெளிவானவை. அவற்றில் ஒன்றைக் கேட்டதும் சேர்ந்துகொள்ளலாம். ஒரு சுற்றுக்குள் இரண்டும் வந்துவிடும்.

முன்பின் தெரியாதவர்களோடு ஜாமில் (ஒத்திகையின்றிக் கூடி வாசிப்பதில்) வாசிக்கும்போது எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்?

கீ, நடை, இரண்டாம் பாரில் கார்டு மாறுமா, பாட்டு எங்கிருந்து தொடங்கும்: இந்த நான்கும் போதும். "ஐந்திலிருந்து" என்று ஒருவர் சொன்னால் ஒன்பதாம் பாரிலிருந்து தொடங்குகிறார்கள் என்று பொருள். கிட்டார் வாசிப்பவர்கள் ஈ, ஏ, ஜி கீகளை விரும்புவார்கள். சாக்ஸபோன், ட்ரம்பெட் இருந்தால் பி ஃப்ளாட், எஃப், ஈ ஃப்ளாட் வரும். ஹார்மோனிகாவில் ஒரு சூட்சுமம் உண்டு: ப்ளூஸில் அதைப் பெரும்பாலும் அதன் மேல் பொறித்த கீயில் வாசிப்பதில்லை. சி என்று பொறித்த ஹார்மோனிகாவில் ஜி கீயும், ஏ என்று பொறித்ததில் ஈ கீயும் வாசிப்பார்கள். அவர் கையில் இருப்பதைப் பார்த்து நீங்களாகவே கீயை முடிவு செய்துவிடாதீர்கள், கேளுங்கள்.

இசைக்குறியீடு படிக்கத் தெரிய வேண்டுமா?

தொடக்கத்தில் தேவையில்லை. டேப் எனப்படும் ஃப்ரெட் எண் குறியீடு விரைவில் கைக்கு வரும். ஆனால் சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான டேப்கள் சொல்வதில்லை. ஆகவே டேப்பைப் பார்த்தாலும் பாடலைக் காதால் கேட்டே கற்க வேண்டும். விரல் பலகையில் சுரங்களின் பெயர்களை அறிவது மட்டும் கட்டாயம்.

கை வலிக்கிறது. இது இயல்பா?

விரல் நுனிகள் முதல் சில வாரங்கள் எரியும், அது இயல்பு. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். ஃப்ரெட்டின் மேலே அல்லாமல் அதற்குச் சற்றே பின்னால் அழுத்தினால் பாதி பலம் போதும். வாரைச் சுருக்கிக் கருவியை உயர்த்தினால் மணிக்கட்டு மடங்காது. வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். பொறுத்துக்கொண்டு வாசிப்பது வீரம் அல்ல.

பதிவுகளைக் கேட்டு வாசிக்கும்போது என் கருவி சுருதி சேரவில்லையே?

சில கலைஞர்கள் எல்லாத் தந்திகளையும் அரைச் சுரம் இறக்கி வைப்பார்கள். ஸ்டீவி ரே வானின் 1983-ஆம் ஆண்டுப் பாடல் "ப்ரைட் அண்ட் ஜாய்" கைக்கு ஈ கீ. காதுக்கு ஈ ஃப்ளாட். அதில் பேஸ் வாசித்த டாமி ஷானனின் வரியைக் கற்க விரும்பினால் நான்கு தந்திகளையும் அரைச் சுரம் இறக்கிக்கொள்ளுங்கள். மிகப் பழைய பதிவுகளில் இயந்திர வேகம் காரணமாகவும் சுருதி இரண்டு சுரங்களுக்கு இடையே நிற்கலாம்.

ஐந்து தந்தி பேஸ், தந்தியைக் கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் ஸ்லாப் முறை, ஃப்ரெட் இல்லாத பேஸ் இவையெல்லாம் ப்ளூஸுக்குத் தேவையா?

தேவையில்லை. மேலே பெயர் சொன்ன பேஸ் வாசிப்பாளர்கள் வாசித்தது நான்கு தந்திப் பேஸ்களில்தான். பின்னாளில் ஆர்வம் இருந்தால் ஃப்ரெட் இல்லாத பேஸை முயலலாம். அதற்கு முன், ஃப்ரெட் உள்ள கருவியில் ஏ, ஈ, ஜி, சி ஆகிய நான்கு கீகளிலும் ஒரு மெதுவான ப்ளூஸையும் ஒரு ஷஃபிளையும் தடங்கலின்றித் தாங்கக் கற்றுக்கொள்ளுங்கள்.